ஒற்றை சோபா, மனித வடிவ அலங்காரத்துடன்

வீட்டை விற்கச் சொன்னது அக்கா. நான் சரி என்றேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எந்நேரமும் அந்த சோபாவுல உக்காந்து சமையல்கட்டையே பாத்துக்கிட்டிருந்தா எல்லாம் சரியாயிடுமாடா?" என்று போனில் கேட்டாள். "வித்துட்டு இங்க வா. மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. உங்க மாமா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காரு. என்ன கலர்னு மட்டும் கேக்காத. நேர்ல வந்து திட்டிக்கோ."

என் மனைவி இறந்து ஒரு மழைக்காலம் போய், வெயிலும் வந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். காப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எது குறைகிறது என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு கணினியும் உட்கார ஓர் இடமும் போதும். படுக்கையறைக்குத் துணி எடுக்க மட்டும் போவேன். தூக்கமும் சோபாவில்தான். இந்தத் தடவை கிளம்பாவிட்டால் இனி எப்போதும் கிளம்பமாட்டேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

தரகர் யாராவது இருக்கிறாரா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டேன். தரகர்களின் காலம் முடிந்துவிட்டது என்றார். இப்போது இருப்பது இல்ல அனுபவ நிறுவனம். பழைய தரகர்களே அங்கே சட்டையை பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு 'அனுபவ ஆலோசகர்' ஆகிவிட்டார்களாம்.

நிறுவனம் ஒரு விளக்கத் தாள் அனுப்பியது. போனை வைத்து வீட்டை ஸ்கேன் செய்வதை அதில் 'வருடல்' என்று போட்டிருந்தார்கள். ரொம்ப நாளாக அந்த வீட்டில் அப்படி எதுவும் நடந்ததில்லை.

வருடலுக்கு வீட்டைத் தயார் செய்ய வேண்டும். திரைச்சீலைகளை விலக்க வேண்டும். கண்ணாடிகளைத் துணியால் மூட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் இன்னொரு அறை இருப்பதாக போன் நம்பிவிடும். குடும்பப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்க வேண்டும். 'வாங்குபவர் தம்மை இவ்வீட்டில் கற்பனை செய்துகொள்ள வேண்டுமாயின், இதற்குமுன் எவரும் இங்கு வாழ்ந்ததாகத் தெரியலாகாது.' படம் ஒன்றுதான் இருந்தது. திருப்பினேன்.

ஸ்கேன் செய்ய ஒரு பெண் வந்தாள். காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தளும்பத் தளும்ப நீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கி வருகிறவள் மாதிரி இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சார். நகர்ற எதையும் மென்பொருள் அழிச்சிடும். நகராதது எல்லாம் வீட்டோட சேந்துடும். அதனால நீங்க வெளிய போயிடுங்க. இல்லன்னா நடந்துக்கிட்டே இருங்க."

எங்கே நடப்பது என்று யோசித்தேன். யோசிப்பதற்காக உட்கார்ந்தேன்.

அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. சமையலறை, குளியலறை, படுக்கையறை என்று போய்விட்டுக் கூடத்துக்கு வந்தாள். சோபாவைச் சுற்றினாள். என் காலைத் தாண்டினாள். "இன்னும் நெருங்குங்கள்" என்றது போன். நெருங்கினாள். என் முகத்துக்கு நேரே போனைக் கொண்டுவந்தாள். "அருமை" என்றது போன். யாராவது என்னைப் பார்த்து அப்படிச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

வாசலுக்குப் போய் நின்று குரல் கொடுத்தாள். "சார்! முடிஞ்சிடுச்சு! எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

அவள் துள்ளிவிட்டாள். "ஐயோ! எப்ப வந்தீங்க?"

மறுநாள் என் வீடு போனுக்கு வந்து சேர்ந்தது. விரலால் தள்ளினால் உள்ளே போகலாம், திரும்பலாம், மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். எங்கள் வீட்டைவிட நல்ல வீடு. கூரையில் நீர் கசிந்த மஞ்சள் கறை இல்லை. ஜன்னலுக்கு வெளியே நீல வானம். அங்கே உண்மையில் எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது.

கூடத்துக்குப் போனேன். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். முகம் மட்டும் மங்கலாக்கப்பட்டிருந்தது. அது தனியுரிமைக் கொள்கை. மார்பின் மேல் ஒரு நீலப்புள்ளி மின்னியது. தொட்டேன். 'ஒற்றை சோபா, மனித வடிவ அலங்காரத்துடன். நிலை: பழையது. வீட்டோடு சேர்த்து விற்கப்படும்.'

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இருந்த காலத்தில் ஸ்கேன் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு யோசனை ஓடியது. அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அடுப்பில் ஒன்று கொதிக்கும்போதே துணி உலர்த்தப் போவாள். போகிற வழியில் என் காலை ஒதுக்கிவிட்டுத் தரையைத் துடைப்பாள். துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு யாருக்கோ போன் செய்வாள். மென்பொருள் அவளைச் சுத்தமாக அழித்திருக்கும். நான் இதே சோபாவில் இப்படியே இருந்திருப்பேன். ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். சுவர் பற்றி என்றால் ஒன்றை அழுத்தவும், தரை என்றால் இரண்டு, கூரை என்றால் மூன்று, பொருட்கள் என்றால் நான்கு. வேறெதுவும் இல்லை. நான்கை அழுத்தினேன்.

"வணக்கம் சார். நீங்க பொருளோட உரிமையாளரா?"

"நான்தான் பொருள்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மன்னிக்கணும் சார். பொருட்கள் நேரடியா எங்களை அழைக்க முடியாது. உரிமையாளரை அழைக்கச் சொல்லுங்க."

நேரில் போனேன். நிறுவனத்தின் காத்திருப்பு அறையில் நாற்காலி இல்லை. சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தால், போனில் அந்த அறை முழுக்க நாற்காலிகள் தெரிந்தன. வந்திருந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும் போனில் தெரிந்த இடத்தை நம்பி உட்காரப் போனார். பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது பழக்கப்பட்ட பிடியாக இருந்தது.

அனுபவ இயக்குநர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க வீட்டுல அதிகம் பாக்கப்படற பொருள் நீங்கதான்."

"நான் பொருள் இல்ல சார்."

"நான் மறுக்கல. எங்க தரவுதான் மறுக்குது." உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார். அவர் அறையில் உண்மையான நாற்காலி இருந்தது. "புரிஞ்சுக்கோங்க. முன்னெல்லாம் வீடு விக்கறவன் பொய் சொன்னான். நல்லா காத்து வரும்பான், வராது. நாங்க வந்த பிறகு பொய்க்கே இடமில்ல. ஏன்னா உண்மை எதுன்னு நாங்கதான் தீர்மானிக்கறோம். போன்ல இருக்கறது மூல வீடு. நீங்க குடியிருக்கறது அதோட செங்கல் பிரதி. மூலத்துக்கும் பிரதிக்கும் வித்தியாசம் வந்தா எதைத் திருத்துவீங்க? பிரதியைத்தானே?"

"மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தா முடிஞ்சுதே சார்."

"தாராளமா. வீடு மாறியிருக்குன்னு நிரூபிச்சா மறுவருடல் உண்டு. நிரூபிக்க ஒரு வருடல் தேவைப்படும்." தண்ணீர் குடித்தார். "வாடிக்கையாளர்தான் எங்களுக்கு உசிரு. அதனாலதான் அவங்களை வீட்டுக்குள்ள விடறதுக்கே எனக்கு மனசு வர்றதில்ல. போன வாரம் ஒருத்தர் நேர்ல போய் ஜன்னலைத் திறந்துட்டார். வெளிய சுவரு. பாவம், அருமையான அனுபவம், ஒரு நொடியில கெட்டுப்போச்சு. ஜன்னலைத் திறக்கற ஆளுங்களால இந்தத் தொழிலுக்கே ஆபத்து."

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"எங்க மென்பொருளுக்குத் தெரிஞ்சது ரெண்டே வகை சார்," என்று குரலைத் தணித்தார். "நகர்ந்தா அழிச்சிடும். நகராட்டி சேத்துக்கும். மூணாவதா ஒரு வகை உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, சேத்துடறோம்."

எனக்கும் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, வாங்குபவர்கள் நேரில் வரும் பார்வை நாட்களில் நான் சோபாவில் இருக்க வேண்டும். செங்கல் பிரதி மூலத்தோடு பொருந்தாவிட்டால் வீடு 'குறை இல்லங்கள்' பக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் எல்லா வீடுகளையும் மங்கலாக்கி வைத்திருப்பார்கள். அங்கே போன வீடு விற்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வீடு விற்கவில்லை என்றால் நான் கிளம்பப்போவதில்லை.

"என்னது, நீ சோபாவா?" என்று அக்கா சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு சட்டென்று, "சாப்பிட்டியாடா?" என்றாள்.

பொருத்த அதிகாரி ஒருவர் வந்தார். போனில் இருந்த என்னை என் மேல் வைத்துப் பார்த்தார். அதே சட்டை போட வைத்தார். தாடியை ஒதுக்கச் சொன்னார். மோவாயைப் பிடித்துத் திருப்பினார். சிவப்பாக இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கழுத்து மட்டும் ஒத்துவரவில்லை.

"ஸ்கேன் அன்னிக்கு எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"சமையலறையை."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அதையே பாருங்க."

பார்த்தேன். பச்சை வந்துவிட்டது.

பார்வை நாட்களில் ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் வீட்டைப் பார்க்கவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்குள் நடந்தபடி போனில் இருந்த வீட்டைப் பார்த்தார்கள். சாப்பாட்டு மேசையில் இடித்துக்கொண்டு, "போன்ல தள்ளி இருக்கே!" என்று மேசையைக் கோபித்தார்கள். ஒருவர் படுக்கையறைக் கதவு திறந்திருப்பதாக நம்பி மூடிய கதவில் மோதினார். மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "தரம் பிரமாதம்" என்று அங்கேயே ஐந்து நட்சத்திரம் போட்டார்.

ஒரு கணவனும் மனைவியும் என் முன்னால் நின்றார்கள்.

"இதை எடுத்துட்டா டிவி வைக்கலாம்டி."

"வீட்டோட சேத்துன்னு போட்டிருக்கே. உங்கம்மாவைத்தான் எங்க வைக்கறதுன்னு தெரியல, இது வேறயா?"

"எங்கம்மாவை ஏன்டி இழுக்கற? துணி நல்ல துணியான்னு பாரு."

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி என் தோளைத் தடவிப் பார்த்தாள். "சூடா இருக்குங்க."

"வெயில் படுது போல."

கையை அவள் உடனே எடுக்கவில்லை. நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். எடுத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு கருத்துப் பகுதியைப் படித்தேன். 'வேலைப்பாடு நன்று, ஆனால் உயிரோட்டம் இல்லை.' 'கொஞ்சம் சோகமாக இருக்கிறது. வேறு நிறத்தில் கிடைக்குமா?' 'எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. இலவசமாகவே தருகிறோம்.' கடைசியாக ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'இன்றைக்கும் வந்தேன். அப்படியே இருக்கிறீர்கள். சந்தோஷம்.'

அதை எழுதியவர் ஒரு காலைவேளையில் நேரில் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாசலிலேயே அதைச் சொல்லிவிட்டார். போன் சட்டைப்பையில் இருந்தது. கூடத்தின் நடுவில் காலை அகட்டி, தரை எந்நேரமும் ஆடலாம் என்பது போல நின்றார். நேராக என்னைப் பார்த்தார்.

"வணக்கம் தம்பி."

மூலையில் நின்றிருந்த பொருத்த அதிகாரி பதறினார். "பொருளோட பேசக் கூடாதுங்க."

"அது பதில் சொன்னாத்தானே பேச்சு? நான் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறேன்." என் பக்கம் திரும்பினார். "பையன் குடும்பத்தோட வேற ஊருக்கு மாறிட்டான். போகும்போது இந்த போனைக் குடுத்து, 'சும்மா இருக்காதப்பா, சின்னதா ஒரு வீடு பாரு'ன்னான். பாத்தேன் தம்பி. எத்தனையோ வீடு பாத்தேன். கட்டில்ல பூவெல்லாம் போட்டு வச்சிருக்கான், மேசையில தட்டெல்லாம் அடுக்கி வச்சிருக்கான், ஒரு ஜனம் கிடையாது. டெப்போவுக்குத் திரும்பற வண்டி மாதிரி. அப்புறம் ஒரு நாள் உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. அப்பாடான்னு இருந்துச்சு."

நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தினமும் சாப்பிட்டுட்டு போன்ல வருவேன். இதோ, இங்கதான் நிப்பேன். அன்னிக்கு நடந்ததெல்லாம் சொல்லுவேன். நீங்க ஒண்ணும் பேசமாட்டீங்க. என் பையனும் அப்படித்தான், அதனால எனக்கு வித்தியாசமாத் தெரியல." கிட்டே வந்து குனிந்தார். "ஏன் தம்பி, கழுத்து வலிக்கலையா?"

"வலிக்குது," என்றேன்.

அதிகாரியின் போன் அலறியது. அவரும் அலறினார். "அசைஞ்சிடுச்சு! பொருள் அசைஞ்சிடுச்சு!"

கண்டக்டர் அங்கேயே திரையில் கட்டைவிரலை வைத்து வீட்டை வாங்கினார். உள்ளது உள்ளபடி. அதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் போனதும் நான் எழுந்து தேநீர் போட்டேன். ரொம்ப நாள் கழித்து இரண்டு கோப்பை எடுத்தேன். கொடுத்துவிட்டு, வீடு கைமாறும் நாளில் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வாங்கினது காலி வீடா?"

"ஆமாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

"பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "இன்னும் சாவி கைமாறல," என்றேன். "வேண்டாம்னா விட்டுடலாம். நான் கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன்." சொல்லும்போதே என் கால் சோபாவைத் தேடிப் போவது எனக்குத் தெரிந்தது.

அவர் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னலையும் திறந்தார். "குழாய்!" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் திரும்பி வந்து கேட்டார்.

"அக்கா தங்கமானவங்களா?"

"ரொம்பப் பேசுவா."

"அப்ப போங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

கைமாறும் நாளில் ஒரு பையோடு வாசலருகே நின்றேன். கண்டக்டரும் வந்திருந்தார். பொருத்த அதிகாரி அறை அறையாகப் பொருத்திக்கொண்டு வந்தார். எல்லாம் பச்சை. சோபாவில் மட்டும் சிவப்பாக ஒரு மனித உருவம் விட்டுவிட்டு மின்னியது.

"பொருள் எங்க?"

"நான் கிளம்பறேன் சார்."

"நீங்க கிளம்பறது உங்க சொந்த விஷயம். பொருள் இருக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அதை நிரூபிக்க வருடல் வேணும்." வருத்தத்தோடுதான் சொன்னார். "இது எனக்குப் பிடிச்சுச் செய்யற வேலை இல்ல சார். ஆனா ஒரு வீட்டுல ஆள் இருக்காங்களா இல்லையாங்கறதை நான் எப்படித் தீர்மானிக்க முடியும்? நான் வெறும் மனுஷன். சூரியன் இறங்கறதுக்குள்ள பச்சை வரலன்னா ஒப்பந்தம் ரத்து. குறை இல்லம்."

பையைக் கீழே வைத்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. எடுக்கவில்லை. சோபாவை நோக்கி நடந்தேன். கஷ்டமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு முன்னால் கண்டக்டர் போய் உட்கார்ந்துவிட்டார். மோவாயை உயர்த்தினார். கைகளை என்னைப் போலவே வைத்துக்கொண்டார். தினமும் பார்த்தவர் அல்லவா? எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கழுத்தைத் திருப்பிச் சமையலறையைப் பார்த்தார்.

பச்சை.

"ஆனா இவர் வேற ஆளாச்சே," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"முகம்தானே வேற?" என்றார் அதிகாரி நிம்மதியாக. "அதைத்தான் நாங்க மங்கலாக்கிட்டோமே. முகத்தால எங்களுக்கு எப்பவுமே பிரச்சினை வந்ததில்ல சார்." சாவியை சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, உரிமையாளரைக் காணாமல் வெற்றுச் சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் காலடிச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது.

"போயிட்டாரு," என்றேன். "எழுந்திருங்க ஐயா."

"இருக்கட்டும் தம்பி. நீங்க கிளம்புங்க."

"எழுந்திருங்க."

"ஆயுசு பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தவன். கொஞ்சம் உக்காந்துக்கறேனே. வசதியாத்தான் இருக்கு." கழுத்தை அவர் இன்னும் திருப்பவில்லை. "எதையும் செய்ய வேண்டாம்னு இருக்கு."

அந்த வசதி எனக்குத் தெரியும். முதல் நாள் அப்படித்தான் இருக்கும். திரும்பி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். கனமான மனிதர். விரல்கள் காய்த்துப்போயிருந்தன. முனகிக்கொண்டே எழுந்தார். சாவி தரையில் விழுந்தது.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"எதை?"

"சோபாவை."

"இதை எடுத்துட்டா வீடு பொருந்தாதே தம்பி?"

"பொருந்தாது."

அவர் சோபாவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "சரி, அந்தப் பக்கம் பிடிங்க."

லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. படி வழியாகத்தான் இறக்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். "ரைட்டு, வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று அவர் கத்தியதில் மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. கீழ்வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், அதை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். படி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் சோபாவை இறக்கிவைத்து, மூச்சு வாங்க கண்டக்டர் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு முறையும் நான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.